சிங்க் தண்ணீர் ஏன் மெதுவாக வடிகிறது?

பாத்திரம் கழுவி முடித்தாயிற்று, குழாயையும் மூடியாயிற்று. ஆனால் தொட்டிக்குள் நான்கு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர் அப்படியே நிற்கிறது. ஓரத்தில் ஒதுங்கிய நுரை துளையை நோக்கி மெல்ல, மிக மெல்ல நகர்கிறது. “சிங்க் அடைத்துக்கொண்டது” என்று சொன்ன மாத்திரத்தில் ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். கொதிக்கும் நீரை ஊற்றச் சொல்வார் ஒருவர். சமையல் சோடாவையும் வினிகரையும் கலக்கச் சொல்வார் இன்னொருவர். மூன்றாமவர் ஆசிட் பாட்டிலோடு வந்து நிற்பார்.

இவற்றில் சில கொஞ்சம் உதவும், சில வீண், ஒன்றிரண்டு ஆபத்தானவை. எனக்கு வருத்தமெல்லாம், இவ்வளவு யோசனைகளுக்கு நடுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லையே என்பதுதான்: தண்ணீர் எந்த இடத்தில் தயங்குகிறது? இடம் தெரிந்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரு வாளியும் இரண்டு கைகளும் போதும். இடம் தெரியாமல் எதை ஊற்றினாலும் அது இருட்டில் கல்லெறிவதுதான்.

இன்னொரு குழப்பம் ‘அடைப்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பாட்டிலில் கார்க் மாட்டிக்கொண்டதுபோல, குழாய்க்குள் ஏதோ ஒன்று குறுக்கே கிடப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி நேர்வதும் உண்டு. ஒரு கரண்டியோ மூடியோ விழுந்தால் நேற்றுவரை நன்றாக ஓடிய தண்ணீர் இன்று சட்டென்று நின்றுவிடும். மாதக்கணக்கில் சிறிது சிறிதாக வேகம் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு. அங்கே குழாய் அடைபடவில்லை, குறுகிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் இறங்கக் காற்றும் வேண்டும்

ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே சீராகக் கொட்டாது. ‘குபுக், குபுக்’ என்று விட்டுவிட்டு விழும். ஒவ்வொரு ‘குபுக்’கிலும் கொஞ்சம் தண்ணீர் வெளியே வர, அந்த இடத்தை நிரப்ப ஒரு காற்றுக்குமிழி உள்ளே போகிறது. இரண்டுக்கும் ஒரே வாசல் என்பதால் ஒன்று ஒதுங்கினால்தான் மற்றது போக முடியும். அதே பாட்டிலின் அடியில் ஒரு துளை போட்டுவிட்டால், காற்றுக்குத் தனி வழி கிடைத்து, தண்ணீர் தடையின்றிக் கொட்டும்.

உறிஞ்சுகுழலிலும் இதைப் பார்க்கலாம். தண்ணீருக்குள் இருக்கும் குழலின் மேல்வாயை விரலால் மூடிக்கொண்டு வெளியே எடுத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தரத்தில் நிற்கும். விரலை எடுத்தால் விழுந்துவிடும். கீழே வழி திறந்திருந்தும் மேலே காற்று நுழைய வழியில்லாததால் தண்ணீர் அசையவில்லை.

சிங்க் குழாயும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். குழாயில் நமக்கு வரும் தண்ணீரைப் பின்னாலிருந்து ஓர் அழுத்தம் தள்ளிக்கொண்டு வருகிறது. கழிவுநீரைத் தள்ள யாரும் இல்லை. தன் எடையால் கீழே விழுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதனால்தான் கழிவுநீர்க் குழாய்களை லேசான சரிவோடு அமைக்கிறார்கள்; ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இறக்கம் என்பது பரவலான கணக்கு. அதனால்தான் பல கட்டடங்களில் கழிவுநீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை மேல்நோக்கிப் போய்க் கூரைக்கு மேலே திறந்த வாயோடு நிற்கிறது. அதற்குக் காற்றுப்போக்கிக் குழாய் என்று பெயர். அதன் வழியாகத் தண்ணீர் போவதில்லை. இறங்கும் தண்ணீருக்குப் பின்னால் காற்றை அனுப்புவதும், சாக்கடை வாயுவை மேலே வெளியேற்றுவதும் அதன் வேலை.

ஆக, மெதுவாக வடியும் சிங்க் என்றால் இரண்டில் ஒன்று: தண்ணீர் போகும் வழி குறுகியிருக்கிறது, அல்லது காற்று வரும் வழி கெட்டிருக்கிறது. முதலாவதுதான் மிகுதி. இரண்டாவது அரிது. ஆனால் அதை அடையாளம் காணத் தெரியாவிட்டால் எவ்வளவு சுத்தம் செய்தும் பலன் இருக்காது.

அடியில் அந்த வளைவு எதற்கு?

சிங்கின் அடியில் குனிந்து பாருங்கள். குழாய் நேராக இறங்காமல், கீழே போய், மறுபடி மேலேறி, அப்புறம் சுவரை நோக்கிப் போகும். சில வீடுகளில் வளைவுக்குப் பதில் குப்பி போன்ற ஓர் உருண்டை இருக்கும். இரண்டுக்கும் வேலை ஒன்றே. பிளம்பர்கள் இதை ‘ட்ராப்’ என்கிறார்கள்.

‘இந்த வளைவால்தானே அழுக்குத் தேங்குகிறது, நேராக வைத்திருந்தால் தொல்லையே இல்லையே’ என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பு தவறு. வளைவின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், நிற்க வேண்டும். பொதுவாக 50 மில்லிமீட்டருக்குக் குறையாத அந்த நீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் இடையே இருக்கும் கதவு. மேலிருந்து வரும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கீழிருந்து வரும் வாயுவால் அதைத் தாண்ட முடியாது. சாக்கடைக் காற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது, தீப்பற்றக்கூடிய மீத்தேன் இருக்கிறது. இவை வீட்டுக்குள் வராமல் காப்பது இந்த ஒரு குவளைத் தண்ணீர்தான்.

இந்த யோசனைக்கு இருநூற்றைம்பது ஆண்டு வயது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் 1775-இல் தம்முடைய தண்ணீர்க் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடியில் குழாயைப் பாம்புபோல வளைத்து, வளைவில் நீரை நிறுத்தியிருந்தார். இன்று உலகெங்கும் சிங்குகளுக்கு அடியில் இருப்பது அந்த எண்ணத்தின் வாரிசுதான். ஒரு நகரும் பாகம்கூட இல்லாமல் இத்தனை காலம் வேலை செய்யும் சாதனத்தைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே மரியாதை தோன்றுகிறது.

அழுக்கு அங்கே தேங்குவதும் உண்மைதான். ஓடும் தண்ணீர் வளைவில் வேகம் குறையும்போது கனமான துணுக்குகள் அடியில் தங்கும். ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது. குழாயின் மற்ற பகுதிகளெல்லாம் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போய்விட, அழுக்குச் சேரும் முதல் இடம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதையும் கழற்ற முடிகிறது.

குழாய் எப்படிக் குறுகுகிறது?

சமைத்த பாத்திரத்தில் மிஞ்சிய கொழுப்பு, சூடாக இருக்கும்போது தண்ணீர்போல ஓடும். ஆறிய பிறகு அதே பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், வெண்மையாக ஒட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் நடப்பதும் இதுதான். வெந்நீரோடு கரைந்ததுபோலப் போகும் கொழுப்பு, சற்றுத் தள்ளிக் குளிர்ந்த குழாய்ச்சுவரைத் தொட்டதும் உறைகிறது. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய பூச்சு ஏறிக்கொண்டே போகிறது.

திரவ எண்ணெய் உறையாதே, அது போகலாமே என்று கேட்கலாம். எண்ணெய் தனியாகப் போவதில்லை. உணவுத் துணுக்கு, மாவு, சோப்பு எல்லாம் அதில் பிடித்துக்கொள்கின்றன. உப்புத்தன்மை மிகுந்த கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். அவை சோப்போடு சேரும்போது தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்கு உண்டாகிறது. வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் படிந்து, நகத்தால் சுரண்டினால் வருமே, அதே பிசுக்குதான். கொழுப்பும் அதுவும் சேர்ந்தால் மெழுகு போன்ற ஒரு படலம் ஆகிவிடும். இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 2017-இல் இலண்டனின் வொயிட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் கண்டெடுத்த கொழுப்புப் பாறை சாட்சி. நீளம் 250 மீட்டர், எடை ஏறக்குறைய 130 டன். வீடுகளும் உணவகங்களும் ‘கொஞ்சம்தானே’ என்று ஊற்றியவை அங்கே ஒன்றுகூடியிருந்தன.

கை கழுவும் வாஷ்பேசினில் முக்கியக் குற்றவாளி முடி. முடி எளிதில் மட்காது, கரையாது. நீர் இறங்கும் துளையின் குறுக்குக் கம்பியிலோ மூடியின் தண்டிலோ ஒரு முடி சுற்றிக்கொண்டால், அடுத்தடுத்த முடிகள் அதில் சிக்கும், சோப்புப் பிசுக்கு அதன்மேல் படியும். கொஞ்ச நாளில் அது ஒரு சிறு வலை ஆகிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. சமையலறைச் சிங்கின் குழாய் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. உட்சுவரில் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி விட்டம் 20. பாதியாகிவிட்டது, ஆகவே தண்ணீரும் பாதி வேகத்தில் போகும் என்று தோன்றும். ஆனால் வழியின் பரப்பு கால் பங்காகிவிடுகிறது. குறுகிய வழியில் சுவரின் உராய்வும் கூடுதல் என்பதால், அதே சரிவில் போகக்கூடிய தண்ணீர் முன்பு போனதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். குழாய் கால்வாசி குறுகும்வரை நாம் கவனிக்காமல் இருந்துவிட்டு, பிறகு ‘திடீரென்று’ மோசமாகிவிட்டது என்று சொல்வதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: கழிவுநீர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது, அதற்குக் காற்றும் தேவை. ட்ராப் என்ற வளைவு நாற்றத்தைத் தடுக்கிறது, அழுக்கையும் பிடிக்கிறது. மெதுவாக வடிதல் என்பது பெரும்பாலும் கொழுப்போ முடியோ வழியைக் குறுக்குவது.

இடத்தைக் கண்டுபிடித்தல்

எல்லாவற்றுக்கும் முன் நீர் இறங்கும் துளையின் சல்லடையைக் கையால் எடுத்துப் பாருங்கள். வாஷ்பேசினாக இருந்தால் மூடியைத் தூக்கி எடுங்கள். அடியில் தொங்கும் முடிக்கற்றையை இழுத்துப் போட்டதும் பிரச்சினை முடிந்துவிடுவது அடிக்கடி நடப்பது. இதைச் செய்யாமல் பிளம்பரை அழைத்துவிட்டு வருந்தியவர்கள் பலர்.

அடுத்து, வீட்டில் மற்ற இடங்களில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரு சிங்க் மட்டும் மெதுவாக இருந்தால் கோளாறு அதன் சொந்தக் குழாயில். சிங்க், குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே நேரத்தில் தயங்கினால், அல்லது சிங்கில் ஊற்றிய தண்ணீர் குளியலறைத் தரைத்துளையில் எதிர்த்துக்கொண்டு மேலே வந்தால், கோளாறு எல்லாக் கிளைகளும் சேரும் பெரிய குழாயில். சிங்கின் அடியில் நீங்கள் என்ன செய்தாலும் அது சரியாகாது.

ஒரு சிங்க்தான் என்று தெரிந்துவிட்டால், நான் நம்பிச் செய்யும் ஒரு சோதனை உண்டு. இரவு முழுதும் சிங்கைப் பயன்படுத்தாமல் விடுங்கள். மெதுவாகவாவது தண்ணீர் இறங்கி, குழாய் காலியாகியிருக்கும். காலையில் ஒரு லிட்டர் குவளையால் தண்ணீரை எடுத்துத் தொடர்ந்து ஊற்றுங்கள். எத்தனையாவது குவளையில் தண்ணீர் தொட்டியில் நிற்கத் தொடங்குகிறது என்று எண்ணுங்கள்.

முதல் குவளையே நின்றுவிட்டால், தடை மிக அருகில் இருக்கிறது: துளையிலோ ட்ராப்பிலோ. நான்கு குவளை விறுவிறுவென்று போய், ஐந்தாவது நின்றால், தடை தூரத்தில் இருக்கிறது. ட்ராப்புக்கு அப்பால் காலியாக இருந்த குழாய் அந்த நான்கு லிட்டரை வாங்கிக்கொண்டு நிரம்பியது, நிரம்பிய பிறகுதான் தேக்கம் மேலே தெரிந்தது. 40 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். ஆக நான்கு லிட்டர் என்றால் மூன்று மீட்டரை ஒட்டி. இது துல்லியமான அளவு அல்ல. ஊற்றும்போதே கொஞ்சம் தண்ணீர் தடையைக் கடந்து கசிந்துகொண்டிருக்கும், படுக்கையாகப் போகும் குழாயில் காற்றும் தங்கும். ஆனாலும் ட்ராப்பைக் கழற்றினால் போதுமா, நீளக் கம்பி வேண்டுமா என்று முடிவெடுக்க இது தாராளம்.

கடைசியாக, காதைக் கொடுத்துக் கேளுங்கள். ட்ராப்பும் குழாயும் சுத்தமாக இருந்தும் தண்ணீர் ‘குபுக் குபுக்’ என்று விட்டுவிட்டு இறங்குகிறதா? வேறொரு இடத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றும்போது இந்தச் சிங்கின் துளையில் குமிழிச் சத்தம் கேட்கிறதா? நாற்றமும் வருகிறதா? அப்படியானால் காற்றுப்போக்கிக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். இலை, பறவைக் கூடு போன்றவை அதன் வாயை மூடியிருக்கலாம். பின்னால் காற்று வராதபோது, இறங்கும் தண்ணீர் ட்ராப்பில் நிற்கும் நீரையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும். நாற்றம் வருவது அதனால்தான்.

வெந்நீர், சோடா, வினிகர்

வெந்நீர் கொழுப்பை இளக்கும் என்பது உண்மை. ஆனால் இளகிய கொழுப்பு எங்கே போகும்? இன்னும் இரண்டு மீட்டர் தள்ளிக் குளிர்ந்த இடத்தில் மறுபடி உறையும். எட்டும் தூரத்தில் இருந்த தடையை எட்டாத தூரத்துக்கு நாமே அனுப்பிவைத்ததாகிவிடும். கொதிக்கும் நீர் என்றால் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. பிவிசி குழாய் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும், கொதிநீரின் வெப்பமோ 100 டிகிரி. குழாய் வளையும், மூட்டுகள் தளரும், கசிவு தொடங்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்து ஊற்றுவது லேசான பிசுக்குக்கு உதவும். அந்தத் திரவம் கொழுப்பைச் சிறு துளிகளாக்கித் தண்ணீரில் மிதக்கவைப்பதால், அது மறுபடி ஒட்டுவது குறையும்.

சமையல் சோடாவும் வினிகரும் பொங்குவதைப் பார்க்க மனத்துக்கு நிறைவாக இருக்கும். ஏதோ மும்முரமாக வேலை நடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிக்கொள்கின்றன. மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், சோடியம் அசிடேட் என்ற ஒரு சாதுவான உப்பு. வாயு திறந்திருக்கும் வாய் வழியாக மேலே போய்விடும். அதனால் அழுத்தம் எதுவும் உண்டாவதில்லை. அந்த உப்புநீர் முடியைக் கரைக்காது, உறைந்த கொழுப்பையும் கரைக்காது. பிறகு ஊற்றும் வெந்நீர் செய்யும் வேலைக்கான பெயரைப் பெரும்பாலும் இந்தப் பொங்கல் தட்டிக்கொண்டு போகிறது. கெடுதல் இல்லை. ஆனால் மருந்தும் இல்லை.

ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும்

கடும் காரமான காஸ்டிக் சோடாவுக்கு வேலை செய்யும் வல்லமை உண்டு. அது கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது, முடியின் புரதத்தைச் சிதைக்கிறது. அதே வல்லமைதான் தோலுக்கும் கண்ணுக்கும் எமன். தண்ணீரில் கரையும்போது கடும் வெப்பத்தை வெளிவிடும், கொதித்துத் தெறிக்கும். அலுமினியத்தில் பட்டால் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். வழி முழுதும் அடைபட்டிருந்தால் அது கீழே போகாமல் தொட்டியிலேயே தேங்கும். அப்புறம் அந்தத் தொட்டியில் யார் கை வைப்பது?

இதில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று. ஒரு ரசாயனம் பலிக்கவில்லை என்று அடுத்த ரசாயனத்தை அதன்மேல் ஊற்றாதீர்கள். ப்ளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915-இல் போர்க்களத்தில் ஆயுதமாக விடப்பட்ட அதே வாயு. ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தாலும் நுரையீரலைத் தாக்கும் வாயுக்கள் உண்டாகும். கதவு மூடிய சிறிய சமையலறையில் இது உயிருக்கே ஆபத்து. வினிகரும் ஓர் அமிலம்தான் என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது ஊற்றியிருந்தால், பிளஞ்சர் என்ற ரப்பர்க் கிண்ணத்தைப் போடுவதற்கோ குழாயைக் கழற்றுவதற்கோ முன்னால், அந்த வேலையைச் செய்யப்போகிறவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். குனிந்து ட்ராப்பைத் திறக்கும் பிளம்பரின் முகம் அந்தக் குழாய்க்கு நேர் கீழே இருக்கும்.

பிளஞ்சர்: தள்ளுவதைவிட இழுப்பது முக்கியம்

கைப்பிடியின் நுனியில் ரப்பர்க் கிண்ணம் மாட்டியதுதான் பிளஞ்சர். சிங்குக்குத் தட்டையான வாய் உள்ளது வேண்டும். உள்ளே ஒரு கழுத்து நீண்டிருப்பது கழிப்பறைக்கானது, அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

பலர் காய்ந்த தொட்டியில் வைத்து அழுத்திவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். காற்று பஞ்சுபோல அமுங்கும். நீங்கள் கொடுத்த விசையை அதுவே விழுங்கிவிடும். தண்ணீரை அப்படி அமுக்க முடியாது. ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் அந்தத் தள்ளல் அப்படியே போய்ச் சேரும். ஆகவே ரப்பர்க் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். வாஷ்பேசினின் மேல்விளிம்புக்குக் கீழே நிரம்பி வழியாமலிருக்க ஒரு துளை இருக்கும். ஈரத்துணியால் அதை இறுக மூட வேண்டும். இரட்டைத் தொட்டி என்றால் இன்னொன்றின் துளையையும் மூட வேண்டும். மூடாவிட்டால் உங்கள் விசை முழுதும் அந்த வழியாகத் தப்பிப்போகும்.

முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளிருக்கும் காற்று வெளியேறட்டும். பிறகு துளையை விட்டு விலகாமல், மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை. தள்ளும்போது படிந்தது அசைகிறது, இழுக்கும்போது அது பிடி விடுகிறது. தள்ளுவது மட்டுமே என்றால் இன்னும் இறுக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்ளவும் கூடும். கடைசியில் சட்டென்று மேலே இழுத்து எடுங்கள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கினால் வழி பிறந்துவிட்டது.

ட்ராப்பைக் கழற்றுதல்

குவளைச் சோதனையில் முதல் குவளையே நின்றிருந்தால், பிளஞ்சரைவிட இதுவே நேர்வழி. பார்க்கத்தான் பயமாக இருக்கும். முதல்முறை நான் செய்தபோது எங்கள் வீட்டுத் தொட்டி நிறைய நீர் வடிய ஆறு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது.

அடியில் வாளியை வைத்தேன். இரண்டு பக்கமும் இருந்த பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் இடதுபுறம் திருப்ப, ஒன்று உடனே விட்டுக்கொடுத்தது, மற்றது துணியைச் சுற்றிப் பிடித்த பிறகுதான் அசைந்தது. ஒரு குவளை அளவுக்குக் கறுத்த தண்ணீர் வாளியில் விழுந்தது. வளைவைக் கையில் எடுத்தபோது அதன் எடைதான் முதலில் வியக்கவைத்தது. வெறும் பிளாஸ்டிக் அவ்வளவு கனக்காது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. சுற்றிலும் சாம்பல் வெண்மையில், ஈரச் சோப்புக்கட்டி போன்ற படலம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது அது அடுக்கடுக்காக உரிந்து வந்தது. நடுவே ஒரு பாட்டில் மூடியின் உடைந்த வளையம். எல்லாம் அதைச் சுற்றித்தான் சேர்ந்திருந்தன.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. கழற்றுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது பிறகு நினைவிருக்காது. ஒரு பக்கம் சரிவாக இருக்கும் வாஷரின் மெலிந்த முனை, அது போய் அமரும் மூட்டின் வாயை நோக்கி இருக்க வேண்டும். வாஷர் வெடித்திருந்தால் புதியது போடுங்கள். வாளித் தண்ணீரைப் பழக்கதோஷத்தில் அதே சிங்கில் கொட்டிவிட வேண்டாம், கீழே குழாய் இல்லை. சுரண்டி எடுத்த கொழுப்பைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். குழாயின் சுவர்ப்பக்க வாயிலும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கேயும் படிந்திருக்கும்.

மாட்டும்போது கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனரால் முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும். பிறகு மூட்டுகளுக்கு அடியில் உலர்ந்த காகிதத்தை வைத்து, தொட்டி நிறைய நீர் பிடித்து ஒரே முறையில் திறந்துவிடுங்கள். காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும்.

குப்பி வடிவ ட்ராப் இன்னும் எளிது, அடிப்பாகத்தை மட்டும் திருகி எடுக்கலாம். சில சிங்குகளில் மடிப்பு மடிப்பான நெகிழ் குழாய் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் பிசுக்கு உட்காரும், தேய்த்துச் சுத்தம் செய்வதும் கடினம். அதற்கு மேல்நோக்கிய வளைவு இல்லையென்றால் நீர் நிற்காது, நாற்றமும் தடைபடாது. அதை மாற்றிவிட்டு வழுவழுப்பான உட்சுவர் கொண்ட ட்ராப் போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வளைவுக்கு அப்பால்

நான்கைந்து குவளைக்குப் பிறகுதான் நின்றது என்றால், ட்ராப்பைக் கழற்றி, சுவர்ப்பக்கக் குழாய்க்குள் ஸ்பிரிங் கம்பியை விட வேண்டும். சுருள் சுருளான, வளையக்கூடிய இந்தக் கம்பியைப் பிளம்பர்கள் வைத்திருப்பார்கள், சிறியது வீட்டுக்கும் கிடைக்கும். அதைக் குத்தக் கூடாது. கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே மெல்ல உள்ளே அனுப்ப வேண்டும். தட்டுப்படும் இடம் மெத்தென்று இருந்தால் பிசுக்கு, கெட்டியாக இருந்தால் குழாயின் திருப்பமாக இருக்கலாம். திருப்பத்தில் பலவந்தம் வேண்டாம். மெத்தென்ற இடத்தில் சுழற்றி, பற்றியதை இழுத்து வெளியே எடுத்து, துடைத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

எல்லாக் குழாய்களும் ஒன்றாகத் தயங்கினாலும், தண்ணீர் வேறு துளையில் எதிர்த்து வந்தாலும், கூரைமேல் இருக்கும் காற்றுப்போக்கியில் கோளாறு என்று தோன்றினாலும் பிளம்பரை அழைத்துவிடுங்கள். குவளைச் சோதனையில் கண்டதை அவரிடம் சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் அவர் வேலை பாதியாகும்.

மறுபடி சேராமல் இருக்க

கொழுப்பு ஒட்டிய பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் ஒருமுறை துடையுங்கள். வேறு எதையும்விட இதுதான் அதிகப் பலன் தரும். துளையில் நெருக்கமான சல்லடை போடுங்கள். சிறு கீற்றாக ஓடும் தண்ணீர் குழாயின் அடியை மட்டுமே நனைத்துக்கொண்டு போகும், சுவரைக் கழுவாது. வாரம் ஒருமுறை துளையை அடைத்து, தொட்டி நிறைய நீர் பிடித்து, ஒரேயடியாகத் திறந்துவிட்டால், வேகமும் கனமும் சேர்ந்து புதிதாகப் படிந்ததை அடித்துக்கொண்டு போகும்.

ட்ராப்பைச் சுத்தம் செய்த அன்று எங்கள் தொட்டி அரை நிமிடத்துக்குள் வடிந்தது. அந்த நேரத்தையும் தேதியையும் சிங்கின் அடியில் உள்ள அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை தொட்டியை நிரப்பித் திறந்து, கடிகாரம் பார்த்து, அதன் கீழே அடுத்த எண்ணை எழுதுகிறேன். அது ஒரு நிமிடத்தைத் தொட்டால் வாளியை எடுத்துவிடுவேன்.